சுத்தமான வீடெல்லாம் பாதுகாப்பான வீடா?

எங்கள் ஊர்ப் பெண்களின் துப்புரவைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. விடிந்ததும் முற்றம் கூட்டப்படாத வீடொன்றை வெள்ளாங்குளத்தில் தேடிப் பிடிப்பது கடினம். நோன்பு வரப்போகிறது என்றால் எங்கள் வீட்டிலும், நத்தார் வரப்போகிறது என்றால் அடுத்த வீட்டிலும், பொங்கல் என்றால் எதிர்வீட்டிலும் பாய், தலையணை, பாத்திரம் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். ஒட்டடை அடிப்பதும் தரை கழுவுவதும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதுமாக இரண்டு மூன்று நாட்கள் போகும். தூய்மையை ஈமானின் பாதியாகக் கற்று வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாதியில் நமது உம்மாமார் எந்தக் குறையும் வைப்பதில்லை.

ஆனால் சுத்தமான வீடும் பாதுகாப்பான வீடும் ஒன்றுதானா? இல்லை என்பதே எனது கருத்து. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பளபளவென்று கழுவிய வீடுகளிலும் பிள்ளைகள் மண்ணெண்ணெய் குடிக்கிறார்கள். சில வேளைகளில் துப்புரவுக்காகச் செய்யும் வேலையே ஆபத்துக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. நமது கண்முன்னே நடப்பவற்றைக் கொண்டே இதை விளக்க விரும்புகிறேன்.

முதலில் குப்பைத் தீயை எடுப்போம். முற்றம் கூட்டியபின் சருகையும் பொலித்தீனையும் வளவின் மூலையில் குவித்து நெருப்பு வைப்பது நமது வழக்கம். பொலித்தீன் புகை நெஞ்சுக்குக் கேடு என்பது எல்லா ஊருக்கும் பொதுவான சங்கதி. எங்கள் ஊருக்கு மட்டும் இன்னொரு சங்கதி உண்டு. மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிப் போகும் வீதியில் இருக்கும் வெள்ளாங்குளத்தைப் போர் கடந்து சென்றது 2008 ஓகஸ்ட் மாதத்தில். அது போனபோது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகவில்லை. கண்ணிவெடி அகற்றுவோர் பல ஆண்டுகள் பாடுபட்டு வயல்களையும் வளவுகளையும் மீட்டுத் தந்தார்கள். 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்த இலங்கை, மீதமுள்ள நிலத்தையும் 2028 ஜூன் மாதத்துக்குள் துப்புரவாக்க வேண்டிய கடப்பாட்டில் இருக்கிறது. அதாவது வேலை இன்னும் முடியவில்லை. துப்புரவானதாகக் கையளிக்கப்பட்ட காணியிலும் மழை வெள்ளம் எங்கிருந்தோ அரித்துக் கொண்டுவரும் பொருளுக்கு யாரும் பொறுப்பு நிற்க முடியாது. மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் மிதித்தால் மட்டும் வெடிப்பதில்லை. மேலே மூட்டிய நெருப்பின் சூட்டிலும் வெடிக்கலாம். புதுக் குழி வெட்டும்போதும், பற்றைக்குத் தீ வைக்கும்போதும், இரும்புக்காரனுக்குக் கொடுக்கவென்று துருப்பிடித்த துண்டைத் தம்பி தூக்கி வரும்போதும் நாம் நினைக்க வேண்டியது இதைத்தான். அறியாத பொருளைத் தொடக் கூடாது. இருந்த இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும். பாடசாலையில் சிறு வயதில் படம் காட்டிச் சொல்லித் தந்ததை வளர்ந்தபின் நாம் மறந்துவிடுகிறோம். 2009க்குப் பின் பிறந்த நமது தம்பி தங்கையருக்கு அந்தப் பயமே இல்லை.

அடுத்தது போத்தல். வெற்றுச் சோடாப் போத்தலை எறிய நமக்கு மனம் வராது. கழுவிக் காயவைத்து அதில் மண்ணெண்ணெயோ, மலசலகூடம் கழுவும் அமிலமோ, வயலுக்கு அடிக்கும் மருந்தின் மீதியோ ஊற்றி வைக்கிறோம். தட்டு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தாகத்தோடு ஓடிவரும் மூன்று வயதுப் பிள்ளைக்கு எல்லாப் போத்தலும் சோடாப் போத்தல்தான். இலங்கையில் சிறு பிள்ளைகள் நஞ்சுண்டு வைத்தியசாலைக்கு வரும் காரணங்களில் மண்ணெண்ணெய் முன்னணியில் நிற்பது வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வரும் விடயம். அப்படி நடந்துவிட்டால் நமது வீடுகளில் முதலில் செய்வது என்ன? உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைப்பது. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கு அதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை. வாந்தியோடு எண்ணெய் சுவாசப்பைக்குள் போனால் அதுதான் உயிருக்கு உலை. வாந்தி எடுக்க வைக்காமல், குடித்த போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போவதே சரி.

மலசலகூடத்தை வெளுப்பாக்க ஒரே நேரத்தில் அமிலத்தையும் குளோரொக்ஸையும் ஊற்றித் தேய்ப்பவர்களும் உண்டு. ஒன்றைவிட இரண்டு நல்லது என்ற கணக்கு. அந்த இரண்டும் சேர்ந்தால் வெளிவருவது குளோரின் வாயு. முதலாம் உலகப் போரில் எதிரிப் படையின்மீது திறந்துவிட்ட அதே வாயுவை ஜன்னல் இல்லாத சிறிய அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நாமே உண்டாக்குகிறோம். கண் எரிந்து, இருமி, மூச்சு முட்டி வெளியே வந்து, "மருந்து நல்ல காரம்" என்று மெச்சிக்கொள்கிறோம்.

மண்ணெண்ணெய் என்றதும் நமது நாட்டு வைத்தியர் ஒருவரை நினைவூட்ட வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குப்பி விளக்குச் சரிந்து தீக்காயம் பட்டு வருவோருக்குச் சிகிச்சை செய்து வந்தவர். எரிந்த தோலுக்கு மருந்து கட்டுவதோடு தனது வேலை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. விளக்கு ஏன் சரிகிறது என்று யோசித்தார். குட்டையாகவும் கனமாகவும் இருக்கும் மாமைட் போத்தல் அவருக்கு வழி காட்டியது. எளிதில் சரியாத, சரிந்தாலும் உருண்டோடாதபடி இரு பக்கமும் தட்டையான, திருகு மூடியுள்ள சிறு கண்ணாடி விளக்கொன்றை உருவாக்கி ஏழை வீடுகளுக்கு மலிவாகக் கிடைக்கச் செய்தார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. விபத்தை விதி என்று விட்டுவிடாமல், பொருளின் வடிவத்தில் இருக்கும் பிழையைத் தேடியதே அவரது பெருமை. இரவில் உறங்குமுன் பாத்திரங்களை மூடவும் விளக்கை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் படித்திருக்கிறோம். எலி திரியை இழுத்துப் போய் வீட்டை எரித்துவிடலாம் என்று அதற்குக் காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. எங்கே ஆபத்து என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் அதில் நாம் படிக்க வேண்டிய பாடம்.

இனித் தண்ணீர். வரண்ட காலத்தில் எங்கள் பக்கத்தில் தண்ணீரைச் சேர்த்து வைக்காத வீடில்லை. சீமெந்துத் தொட்டி, பிளாஸ்டிக் தாங்கி, வாளி, பானை என்று எல்லாவற்றிலும் நிரப்பி வைக்கிறோம். சேர்த்து வைப்பது கெட்டித்தனம். மூடாமல் வைப்பது ஆபத்து. 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நமது பாட்டன் பூட்டன் காலத்தில் ஊர் ஊராக ஆளைத் தின்ற நோய் அது. அந்த மகிழ்ச்சி அடங்குமுன்னே, அந்த ஆண்டின் இறுதியில், இலங்கையில் அதுவரை காணப்படாத மலேரியா நுளம்பு ஒன்று அகப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற அந்த நுளம்பு அகப்பட்ட இடம் வேறெங்குமல்ல, நமது மன்னார்தான். இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுவே. நமது பழைய மலேரியா நுளம்பு ஆற்றுப் படுக்கையில் தேங்கும் குட்டைகளைத் தேடிப் போகும். இதுவோ கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் குடியிருக்கும். அதாவது நாம் சுத்தம் என்று நம்பும் தெளிந்த தண்ணீரே அதற்கு வீடு. டெங்கு நுளம்பும் அப்படித்தான். 2017இல் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோரை டெங்கு பிடித்தது. சாக்கடை இருந்தால்தான் நுளம்பு என்ற எண்ணத்தை நாம் விட வேண்டும். தொட்டிக்கு மூடி, கிணற்றுக்கு வலை அல்லது நுளம்புக் குடம்பியைத் தின்னும் மீன், வாரம் ஒருமுறை பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தல் ஆகிய மூன்றும் போதும். சுகாதாரப் பகுதியினர் கிணற்றில் மீன் விட வந்தால், குடிக்கிற தண்ணீரில் மீனா என்று திருப்பி அனுப்பக் கூடாது.

மாரியில் இதே தண்ணீர் வேறு முகம் காட்டும். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் தலைமன்னாரையும் விடவில்லை என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் வடக்கைக் குறுக்கே கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மன்னார் மாவட்டத்தின் தாழ்ந்த நிலங்களையும் வெள்ளம் மூடியது. வெள்ளம் வடிந்ததும் நமது பெண்கள் முதலில் விளக்குமாற்றைத்தான் எடுப்பார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. பிரதான மின் ஆளியை அணைக்காமல் நனைந்த வீட்டுக்குள் காலை வைக்கக் கூடாது. வெள்ளத்துக்கு ஒதுங்கிய பாம்பு அலுமாரிக்குக் கீழேயும் விறகுக் குவியலிலும் இருக்கும். வெறுங்கையை உள்ளே விடாமல் தடியால் தட்டிப் பார்க்க வேண்டும். கிணறு கலங்கிவிட்டது என்று ஒரேயடியாக இறைத்து வற்ற வைத்தால், ஊறிய மண் சரிந்து கிணறே இடிந்து போகலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு அளவாகக் குளோரின் இட்டு, அதுவரை தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிப்பதே முறை. தற்காலிகமாகத் தரையில் படுக்க நேர்ந்தால் நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே செருகிக்கொள்ள வேண்டும். நுளம்புக்காக மட்டும் சொல்லவில்லை. இரவில் தரையில் தூங்குபவர்களைத் தேடி வருவது கட்டுவிரியன். அதன் கடி பல வேளைகளில் வலிப்பதே இல்லை. விடியற்காலையில் வயிற்றுவலி, கண்ணிமை சரிகிறது என்று பிள்ளை சொன்னால், பார்வை பார்க்க அழைத்துப் போகாமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

அடுப்படியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2021ஆம் ஆண்டு இறுதியில் நாடெங்கும் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிவாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டது அப்போது பெரும் பேச்சானது. அதை வீட்டுப் பெண் எப்படி அறிவாள்? கலவையைச் சரிபார்ப்பது அவளது பொறுப்பல்ல. விற்பவர்களினதும் அரசினதும் பொறுப்பு. ஆனால் அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும், மணம் வந்தால் மின் ஆளியைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்து ரெகுலேற்றரை மூட வேண்டும் என்பதை அறிந்து வைத்திருப்பது அவளது உயிரைக் காக்கும். அடுத்த ஆண்டு எரிவாயுவே கிடைக்காமல் போனது. நாம் விறகுக்குத் திரும்பினோம். பலர் வரிசையில் நின்று பெற்ற பெற்றோலை வீட்டுக்குள் கானில் வைத்துக்கொண்டு, அதே அறையில் அடுப்பும் மூட்டினார்கள். விறகுப் புகையையும் சாதாரணமாக எண்ணக் கூடாது. வீட்டுக்குள் நிறையும் அடுப்புப் புகையால் உலகில் ஆண்டுதோறும் சுமார் முப்பது இலட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெண்களும் சிறு பிள்ளைகளுமே அதிகம் பாதிக்கப்படுபவர்கள். புகைபோக்கி ஆடம்பரம் அல்ல.

இவ்வளவும் படித்துவிட்டு, "இதெல்லாம் பெண்களின் தலையில் இன்னும் ஒரு சுமையா?" என்று தோழி ஒருத்தி கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனது வாதம் அதற்கு நேர் எதிரானது. வீட்டின் வேலை முழுவதும் பெண்ணிடம் இருக்கிறது. வீட்டைப் பற்றிய முடிவு அவளிடம் இல்லை. ஆபத்து வரும் நேரத்தில் உயிரைக் குடிப்பது இந்த இடைவெளிதான்.

1991 ஏப்ரல் 29ஆம் திகதி இரவு வங்காளதேசத்தைப் புயல் தாக்கி ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இளம் வயதினரை எடுத்துப் பார்த்தால் ஆண்களைவிடப் பல மடங்கு பெண்கள் இறந்திருந்தார்கள். ஏன்? கணவன் வந்து சொல்லட்டும் என்று வீட்டில் காத்திருந்தார்கள். பிள்ளைகளையும் வயோதிபர்களையும் விட்டு ஓட முடியவில்லை. நீந்தத் தெரியவில்லை. ஆண்கள் கூடியிருக்கும் தங்குமிடத்தில் மறைவும் மலசலகூடமும் இல்லை என்று தயங்கினார்கள். அவர்களும் நம்மைப் போன்ற முஸ்லிம் பெண்கள்தாம். 2004 டிசெம்பர் 26 சுனாமியிலும் நமது நாடு உட்படப் பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக மாண்டார்கள். வங்காளதேசம் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டது. தங்குமிடங்களைப் பெருக்கினார்கள். எச்சரிக்கையை வீடு வீடாகக் கொண்டு செல்லும் தொண்டர்களில் இன்று பாதிப்பேர் பெண்கள். அதனால்தான் 2020இல் அம்பான் போன்ற பெரும் புயல் அடித்தபோது அங்கு இறந்தோர் சில பத்துப் பேரோடு நின்றது. கடல் மாறவில்லை, கதவைத் திறந்து வெளியேறும் முடிவை யார் எடுக்கலாம் என்பது மாறியது.

எங்கள் கரையோரத்தில் ஆண்கள் கடலிலும் வயலிலும் கடையிலும் இருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் எச்சரிக்கை வரும். அந்த நேரத்தில் யாரையும் கேட்டு நிற்காமல் பிள்ளைகளோடு வெளியேற உம்மாவுக்கு உரிமை உண்டு என்பதை வாப்பாமார் வானம் வெளித்திருக்கும்போதே சொல்லி வைக்க வேண்டும்.

வெளியேறுவது நமக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் மன்னார் மக்கள் பலர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். விடத்தல்தீவிலிருந்து போன எனது உம்மம்மா நகையையும் பணத்தையும் விட்டுவிட்டு, காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் சீலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். இருபது ஆண்டுகள் புத்தளத்தில் கிடுகுக் குடிசையில் கிடந்தபோதும் அந்த முடிச்சு அவிழவில்லை. திரும்பி வந்தபோது எங்கள் காணி எங்களுக்குக் கிடைத்தது அதனால்தான். பத்திரம் இல்லாமல் வந்த எத்தனையோ குடும்பங்கள் இன்றும் அலுவலகப் படி ஏறி இறங்குகின்றன. ஆகவே வீட்டுப் பாதுகாப்பு என்பதில் அடையாள அட்டை, உறுதி, சான்றிதழ், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் நனையாத உறையொன்றில் இட்டு, இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதும் அடங்கும்.

1990 என்ற எண் நமது வீடுகளில் ஒரு காயம். இன்று அதே எண்தான் இலவச அம்புலன்ஸ் சேவைக்கும். 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கிய அந்தச் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. உயிர் காக்கும் எண்ணாகவும் அதை நமது தம்பி தங்கையர் பாடமாக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிஸுக்கு 119 என்பவற்றையும் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம்.

எனது கோரிக்கைகள் பெரியவை அல்ல. பாடசாலை, மாரிக்கு முன் ஒருநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் மின்சார வேலை தெரிந்த ஒருவரையும் அழைத்து நமக்குக் கையால் செய்து காட்டட்டும். பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் தத்தம் மண்டபங்களில் பெண்களுக்குத் தனியான இடமும் மலசலகூடமும் வெள்ளத்துக்கு முன்பே ஒதுக்கி வைக்கட்டும். பெண் பிள்ளைகள் பெண்களிடமே மறைவான இடத்தில் நீந்தப் பழக ஊர்ப் பெரியவர்கள் வழி செய்யட்டும். வீட்டில் நமது சகோதரர்களும் போத்தலுக்கு மூடி போடவும் தொட்டி தேய்க்கவும் அடுப்பை அணைக்கவும் பழகட்டும். அது பெண் வேலை என்று நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

நோன்புக்கு முன் வீட்டைத் துப்புரவாக்குவதுபோல, ஒவ்வொரு ஆண்டும் ஒக்டோபரில் முதல் மழைக்கு முன் ஒரு நாளை ஒதுக்குவோம். அன்று சுவருக்குச் சுண்ணாம்பு வேண்டாம். எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது, எந்த வயர் வெடித்திருக்கிறது, எந்தத் தொட்டிக்கு மூடி இல்லை, பத்திரங்கள் எங்கே, ஓடுவதானால் எந்த வழி என்று வீட்டிலுள்ள அனைவரும் ஒன்றாகச் சுற்றிப் பார்ப்போம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோம். அவர்களின் கண்தான் தாழ்வாக இருக்கும் ஆபத்தை முதலில் காணும்.